குடும்பப் பாங்கான முகம்

இன்று செவ்வாய், மாலை ஆறரை. மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டு டிவி முன் பதினான்கு பேர். ஆன்டெனா ரிப்பேர்காரனான நான் மாடியில் அதைச் சரிசெய்துவிட்டு இறங்கினேன்.

வாசலில் ஒரு பெண் காலி போர்ஷன் கேட்டு நின்றார். "டிவி நாடகத்துல நடிக்கிறேன் சார்."

"நடிகைக்கெல்லாம் கிடையாதும்மா. குடும்பம் இருக்கிற இடம்." வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார்.

ஏழு மணிக்கு நாடகம். திரையில் தாயாக அதே பெண். வீட்டுக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்தார். "என்ன ஒரு குடும்பப் பாங்கான முகம்!"

"இப்பத் துரத்தினீங்களே, இவங்கதான் சார்."

"அது வேற, இது வேற. நீ பிக்சரைப் பாருப்பா."

இனி:

1. அந்த மாடியில் ஏறமாட்டேன்.
2. நாளை டிவி நிலையத்தில் அந்தப் பெண்ணின் விலாசம் விசாரிப்பேன்.
3. உங்கள் தெருவில் அவருக்குப் போர்ஷன் இருக்கிறதா என்று கேட்பேன். "நடிகையா?" என்று இழுப்பவர்கள் ஆன்டெனாவையும் தாங்களே திருப்பிக்கொள்ளவும்.