கொண்டல் காற்றில் போன விமானம்

எங்கள் பக்கத்தில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஒரு மணி நேரம் என்போம். துபாயில் இருக்கும் மகள் எனக்கு டிக்கெட் அனுப்பியதும், துபாய் எவ்வளவு தூரம் என்று சொல்லும் பொறுப்பை என் கொழுந்தனார் தானாகவே எடுத்துக்கொண்டார். கடலுக்குப் போகிறவர். ஆகவே வானத்தைப் பற்றியும் தெரியும்.

சென்னையில் காலை பத்து மணிக்குக் கிளம்பி, துபாயில் பகல் பன்னிரண்டரைக்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருந்தது. வரும்போது அங்கே பகல் இரண்டுக்குக் கிளம்பி, சென்னைக்கு இரவு ஏழரை. போக இரண்டரை மணி நேரம், வர ஐந்தரை. ஒரே வழிக்கு எப்படி இரண்டு தூரம் என்று எனக்குத் தோன்றியது. ஐந்தாவது படித்தவளுக்குத் தோன்றினால் யார் கேட்பது?

“அண்ணி, போம்போது கொண்டல் காத்து பின்னாலேர்ந்து தள்ளும். ஓட்டுறவனுக்கு வேலையே இல்ல. வரும்போது அதே காத்து மூஞ்சில அடிக்கும்” என்றார். கொண்டல் என்றால் கிழக்கேயிருந்து வீசுவது. தெருவே தலையாட்டியது.

எனக்கோ அந்த இரண்டரை மணி நேரம் பெரிய நிம்மதி. காரணத்தை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. முன்பின் தெரியாதவரிடம் கக்கூஸ் எங்கே என்று கேட்க என்னால் ஆகாது. முப்பது வருஷம் உப்பளத்தில் வேலை செய்தேன். சுற்றிலும் பாத்தி, மறைவுக்கு ஒரு செடி கிடையாது. தண்ணீர் குடிக்காமல் விடியலில் போய், வெயில் ஏறி வீடு திரும்பும்வரை அடக்கத் தெரிந்தவளுக்குத்தான் அங்கே வேலை. அந்தப் படிப்பில் நான் பெரிய பட்டதாரி. இரண்டரை மணி நேரமெல்லாம் எனக்குத் தூசு.

விமானத்தில் எனக்கு நடைவழி ஓரமாக இடம். ஜன்னல் பக்கம் இருந்தவர் தனக்கு ஊர் மரக்காணத்துக்குப் பக்கத்துக் கூனிமேடு என்று சொல்லிப் பேச்சுக் கொடுத்தார். நான் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்துவிட்டேன். கூச்சப்படுகிறவர்களுக்கு அது நல்ல வசதி.

அரைக்கண்ணால் பார்த்தேன், என் கடிகாரத்தில் பன்னிரண்டரை ஆனது. பிறகு ஒரு மணி. விமானம் இறங்குவதாகத் தெரியவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. அங்கே மகளோடு சம்பந்தி வீட்டாரும் வந்து நிற்பார்கள். புதுப்புடவையை நனைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நிற்பதா?

கண்ணைத் திறந்தேன். “தம்பி, பன்னெண்டரைக்கே எறங்கணுமே. காத்து கொறஞ்சிடுச்சா?”

அவர் என் கடிகாரத்தைக் காட்டிச் சொன்னார்.

“காத்துலாம் இல்லம்மா. துபாய்ல கடிகாரம் நம்மளவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடி ஓடுது. நம்ம டைமுக்கு ரெண்டு மணிக்குத்தான் எறங்கும். போகவும் நாலு மணி நேரம், வரவும் நாலு மணி நேரம்.”

இன்னும் ஒரு மணி நேரம். என் முப்பது வருஷ அனுபவத்தைக் கேட்டுப் பார்த்தேன். முடியாது என்று சொல்லிவிட்டது.

“பாத்ரூம் எங்கப்பா?”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்கு எப்படியோ கேட்டுவிட்டது. பின்பக்கம் கையைக் காட்டிக்கொண்டே, மறுகையால் தன் சீட் பெல்ட்டை அவசரமாகக் கழற்றினார்.

“நீங்க தூங்குறீங்களே, எப்படி எழுப்புறதுன்னு நானும் ஒரு மணி நேரமா அடக்கிக்கினு உக்காந்திருக்கேம்மா.”

இரண்டு பேரும் எழுந்தோம். நான்தான் முன்னால் போனேன். விட்டுக்கொடுக்கிற நிலையில் நான் இல்லை.