விடுதியில் கீரை ஆய்ந்த காலைகள்

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் வேலை பார்த்தபோது, சைதாப்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். அறையில் அடுப்பு வைக்கக் கூடாது. கீழே ஆக்கிப் போடுவதுதான் சாப்பாடு. காலையில் உப்புமா, மற்ற வேளைக்குச் சோறும் தண்ணீராக ஓடும் சாம்பாரும். வயிறு நிறைந்துவிடும். ஆனாலும் மார்க்கெட் வழியாக ஸ்டேஷனுக்கு நடக்கையில், ஈரச் சாக்கில் அடுக்கிய அரைக்கீரைக் கட்டுகளைக் கண்டால் நாக்கு தவிக்கும். வாங்கி எங்கே ஆக்குவது?

என் அறைத்தோழி திண்டுக்கல்காரி, அதே கடையில்தான் வேலை. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் சேலை விரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். ரத்தம் குறைவு, கீரையும் பழமும் நிறையச் சாப்பிடு என்று சொல்லி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

வெளியே வந்ததும் சிரித்தாள். “எங்க வீட்டுல முருங்கைய ஆடு திங்குதுடி. நான் இங்க மாத்திரை திங்கணும்.” சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டாள்.

மறுநாள் காலையில் இரண்டு கட்டுக் கீரை வாங்கிப்போய் சமையல்கார அக்காவிடம் நீட்டினேன்.

“இத்த யாரு ஆயறது? எனக்கு இன்னா பத்து கையா கீது?”

“நாங்க ஆய்ஞ்சு தர்றோம்க்கா.”

“மண்ணு இருந்துச்சு, அப்டியே கொட்டிருவேன், பாத்துக்க.”

பூண்டு தட்டிப்போட்டு அவர் கடைந்த வாசனைக்கு மாடியிலிருந்து எல்லோரும் தட்டோடு இறங்கி வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கரண்டிகூடத் தேறவில்லை. அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் ஆளாளுக்குக் கட்டு வாங்கி வந்தோம். கூடத்தில் பேப்பரை விரித்து, ஈரத் தலையோடு சுற்றி உட்கார்ந்து ஆய்வோம். கடை மேலாளரைத் திட்டுவோம், சினிமாக் கதை பேசுவோம். அக்காவும் டீ கிளாஸோடு வந்து உட்காருவார். “தண்டு எளசாத்தான் கீது, எறியாத.” மெல்ல மெல்லத் தோழியின் முகத்தில் களை திரும்பியது.

பிறகு விடுதிக் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். ஆளுக்கொரு திசையில் போனோம். தோழி ஊரோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள்.

இப்போது கே.கே. நகரில் எனக்கென்று ஒரு சமையலறை இருக்கிறது. நறுக்கிய கீரையே பாக்கெட்டில் வீடு தேடி வருகிறது. இருந்தும் சில வெள்ளிக்கிழமைகளில் வேரும் மண்ணுமாக ஒரு கட்டு வாங்கி வந்து, தரையில் உட்கார்ந்து தோழிக்குப் போன் போடுகிறேன். எடுத்தால், ஆய்ந்து முடியும்வரை பேசுவோம். கைக்குழந்தைக்காரி, பல நாள் எடுப்பதில்லை.