கப்பலில் வந்த பெட்டிகளும் ரெஜினாவும்

கடையின் முன்கதவைத் திறந்துகொண்டிருந்தபோது குருநகரிலிருந்து தொலைபேசி வந்தது. ரெஜினாவின் தம்பி பேசினார். "அண்ணை, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா. விடியப் பூசைக்கு வெளிக்கிட்டவ, வாசலிலையே விழுந்திட்டா." நான் "ஓம்" என்றேன். பிறகு மற்றக் கதவையும் திறந்து, விளக்கைப் போட்டு, வந்தவர்களுக்கு மருந்து கொடுத்தேன். "எங்கை, மிஸ்ஸைக் காணேல்லை?" என்று ஒருவர் கேட்டார். "இண்டைக்கு வரமாட்டா" என்றேன். அடக்கம் முடியும்வரைக்கும் மரத்துப்போய்த்தான் இருந்தேன். அழுகை வரும் வரும் என்று பார்த்துக் களைத்துவிட்டேன்.

இணுவிலில் எங்கள் மருந்துக்கடைக்கு வந்துபோன உங்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரெஜினா முறையாகப் படித்த மருந்தாளர், கடற்றொழில் செய்த குடும்பத்துப் பெண், என்னிலும் இளையவர், தானும் நீரிழிவுக்காரி; நாங்கள் சீனி வருத்தம் என்போம். நாங்கள் இருவரும் ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் நின்று பல வருடம் மருந்து கொடுத்தோம். வெள்ளிக்கிழமைகளில் வேண்டுமென்றே என்னிடம் மீன் குழம்பைப் பற்றிக் கதைப்பார். "சும்மா இரும், நான் விரதம்" என்பேன். "மணம் வந்தாலே விரதம் முறியுமோ அண்ணை?" என்று சிரிப்பார்.

எங்கள் பக்கத்தில் சீனி பார்க்கும் மெசினும், இரத்தத் துளி வைக்கும் ஸ்ரிப்புகளும் பெரும்பாலும் பிள்ளைகள் அனுப்பித்தான் வரும். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை சவர்க்காரம், சொக்கிளேற்று, சப்பாத்து எல்லாவற்றோடும் அவற்றையும் ஒரு பெட்டியில் அடைத்துக் கப்பலில் போட்டுவிடும். பெட்டி இரும்புக் கொள்கலனுக்குள் வாரக்கணக்கில் கிடந்து வேகும். சொக்கிளேற்று உருகியிருந்தால் திறந்ததும் தெரிந்துவிடும். ஸ்ரிப் அப்படியில்லை. புத்தம்புதிதாக இருக்கும், திகதி முடிந்திராது, மெசினும் ஓர் இலக்கத்தைக் காட்டும். அந்த இலக்கம் பிழையாக இருக்கும்.

"மீன் பழுதானால் நாறும் அண்ணை. உது நாறாது. அதுதான் எனக்குப் பயம்" என்பார் ரெஜினா. ஆகவே சீனி எவ்வளவு என்று அவர் முதலில் கேட்பதில்லை. யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உங்கடை ஸ்ரிப் கப்பலோ, பிளேனோ?"

கப்பல் என்று சொன்னால் நான் உடனே "எறியுங்கோ" என்பேன். சண்டை வரும். பிள்ளை குளிருக்குள் நின்று உழைத்து அனுப்பியதை எறி என்றால் எந்தத் தாய்க்குப் பொறுக்கும்? ரெஜினா அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. "பெட்டி வீட்டிலை பத்திரமா இருக்கட்டும். விரலை மட்டும் உதுக்குக் குடுக்காதேங்கோ" என்பார். சனம் கேட்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஸ்ரிப் சரியா என்று பார்ப்பதற்கென்றே ஒரு திரவம் இருக்கிறது. அதை விட்டுக் காட்டினால் பலர் நம்பவில்லை. "தண்ணியைக் காட்டி உங்கடை ஸ்ரிப்பை விக்கப் பாக்கிறியள்" என்று ஒருவர் முகத்துக்கு நேரேயே சொன்னார். அன்றிலிருந்து ரெஜினா தன் விரலையே குத்தத் தொடங்கினார். ஒரு துளி அவர்களுடைய ஸ்ரிப்பில், ஒரு துளி கடை ஸ்ரிப்பில். ஒரே இரத்தம், இரண்டு இலக்கம். அதற்கு மேல் யாரும் வாதாடுவதில்லை. சில நாட்களில் விரல் நுனிகள் எல்லாம் சிவந்திருக்கும். "நீங்களும் ஒருக்காக் குத்துங்கோவன்" என்று என்னிடம் நீட்டுவார். நான் பின்வாங்குவேன். "மருந்துக்கடைக்காரனுக்கு ஊசிப் பயம்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

உடுப்பிட்டியிலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எங்களுக்கு மாஸ்டர். காலில் புண் ஆறவில்லை என்று களிம்பு வாங்க வந்தார். சீனி நல்ல கட்டுப்பாட்டில் இருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். மகள் அனுப்பிய மெசின் அப்படித்தான் காட்டியது. ரெஜினா களிம்பைக் கொடுக்காமல் கப்பலோ பிளேனோ என்று கேட்டார். பிறகு வழக்கம்போலத் தன் விரலைக் குத்தினார். மாஸ்டரின் ஸ்ரிப் காட்டியது கடை ஸ்ரிப் காட்டியதில் பாதிதான். அடுத்ததாக மாஸ்டரின் விரலையும் குத்திக் கடை ஸ்ரிப்பில் பார்த்தார். சீனி எக்கச்சக்கம். உடனே என்னைக் கடையைப் பார்க்கச் சொல்லி, அவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அன்று பின்னேரம் மாஸ்டரின் மகள் வீடியோவில் வந்தாள். "நான் அனுப்பினது கூடாது எண்டு சொல்ல நீங்கள் ஆர்?" என்று கத்தினாள். ரெஜினா பேசவிட்டுக் கேட்டார். "பிள்ளை, நீங்கள் அனுப்பினது நல்ல சாமான். வழியிலை வெக்கை பட்டுட்டுது. உங்களிலை ஒரு பிழையும் இல்லை. இனி ஆரும் வரேக்கை கையிலை குடுத்துவிடுங்கோ" என்றார். அவள் அழத் தொடங்கினாள். மாஸ்டருக்கு ஒரு கால்விரல் போனது. கால் தப்பியது. ரெஜினாவின் அடக்கத்தன்று அவர் பொல்லை ஊன்றிக்கொண்டு கல்லறை வரைக்கும் நடந்து வந்தார்.

அடக்கம் முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்தபோது ரெஜினாவின் மகன் அன்ரன் என்னை உள்ளே கூப்பிட்டான். ரொறன்ரோவிலிருந்து முதல் நாள்தான் வந்து இறங்கியிருந்தான். அலுமாரியைத் திறந்து காட்டினான். மாதா படத்துக்குக் கீழே ஸ்ரிப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, முத்திரை உடையாமல் அடுக்கியிருந்தன. எல்லாம் அவன் கப்பலில் அனுப்பியவை.

"அங்கிள், அம்மா ஒண்டையும் பாவிக்கேல்லை. ஒவ்வொரு முறையும் 'ஓம் ராசா, கிடைச்சது, நல்லாயிருக்கு' எண்டு சொன்னவ."

ஊருக்கெல்லாம் விரலைக் குத்தி உண்மை சொன்ன மனிசி, தன் பிள்ளைக்கு மட்டும் சொல்லவில்லை. எனக்கு அவரில் கோபம் வந்தது. போனவரில் கோபப்படுவது எவ்வளவு விசர்த்தனம் என்றும் தெரிந்தது.

"வழியிலை வெக்கை பட்டிருக்கும் எண்டு அவவுக்குத் தெரியும் தம்பி. எறிய மனம் வரேல்லை."

"சொல்லியிருந்தால் பிளேனிலை அனுப்பியிருப்பனே."

"பிளேன் காசுக்கு நீ ஓவர்டைம் செய்திருப்பாய். அதுவும் அவவுக்குத் தெரியும்."

அவன் கட்டிலில் அமர்ந்தான். "இப்ப இதுகளை என்ன செய்ய?" என்று கேட்டான். என் வாயில் "எறி" என்ற சொல் வரவில்லை. "பெட்டி பத்திரமா இருக்கட்டும்" என்றேன். அவன் அலுமாரியை மெல்லச் சாத்தினான்.

மறுநாள் கடை திறந்தேன். அச்சுவேலியிலிருந்து ஓர் அம்மா, மகன் அனுப்பிய மெசினோடு ரெஜினாவைத் தேடி வந்தார். சங்கதியைச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகத் திரும்பினார். "நில்லுங்கோ அம்மா, ஸ்ரிப் கப்பலோ பிளேனோ?" என்று என் வாய் தானாகக் கேட்டது. கப்பல்தான். ஆனால் அவர் நம்பவில்லை, "பிள்ளை நல்லதுதானே அனுப்பும்" என்றார்.

ரெஜினாவின் பக்கத்து மேசை லாச்சியை இழுத்து, ஒரு புது ஊசியை எடுத்து, என் விரலில் குத்தினேன். செய்தி வந்த நாளிலிருந்து எதுவும் உறைக்காமல் திரிந்த எனக்கு அது நொந்தது. அந்த அம்மாவுக்கு முன்னால் நின்று, மெசின் இலக்கம் காட்டும்வரை அழுதேன். அவர் ஊசி நொந்துதான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

அந்தக் கேள்வியும் இந்த விரலும் இனி என்னிடம் இருக்கும், ரெஜினா.