அரையிறுதிக்குத் துணை போனவள்

போன சீசன் முழுக்க எனக்கிருந்த வேலை கூடப் போவது மட்டும்தான். கடலூரில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஆடும் ஒரு ரக்பி கிளப் இருக்கிறது. அதில் ஒருத்தி என் மகள்; கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வெளியூரில் ஆட்டம் என்றால் மற்ற பதினொரு வீட்டிலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: அந்த மேடம் வராங்களா? நான் போகிறேன் என்றால் அனுப்புவார்கள். போகவில்லை என்றால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அன்று காய்ச்சலாக இருக்கும், இல்லையென்றால் சொந்தத்தில் ஏதாவது விசேஷம் வந்துவிடும்.

இந்த மரியாதைக்கு நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். நாற்பத்தெட்டு வயது. கண்ணாடி போட்டிருக்கிறேன். கோச் ஒழுங்கான மனிதர்தான், ஆனால் முப்பது வயது, கல்யாணம் ஆகாதவர். அவரை மட்டும் நம்பி வயசுப் பெண்களை வேனில் ஏற்றிவிட எந்த வீட்டிலும் மனம் வராது. ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தால் போதும், அவர்களுக்கு அது ஒரு கையெழுத்து மாதிரி.

ஆட்டம் புரிய எனக்கு நாளாயிற்று. முன்னால் ஓட வேண்டும், ஆனால் பந்தைப் பின்னால் இருப்பவளுக்குத்தான் கொடுக்க வேண்டும். பக்கத்துக்கு ஏழு பேர். ஏழு நிமிடம், கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஏழு நிமிடம். பந்தோடு வருகிறவளை இடுப்பிலோ தொடையிலோ கட்டிப்பிடித்துக் கீழே தள்ளலாம். அந்த ஒன்றைத்தான் என்னால் பார்க்க முடியாது. என் மகள் கைக்குப் பந்து வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவேன். மைதானம் பச்சையும் நீலமுமாகக் கலங்கிப்போகும். விசில் கேட்ட பிறகு மாட்டிக்கொண்டு, அவள் எழுந்துவிட்டாளா என்று தேடுவேன். ஒரு தாய் மகளின் ஆட்டத்தைப் பார்த்த விதம் இது.

முதல் மூன்று ஆட்டங்களும் தோல்வி. விழுப்புரத்தில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றுவிட்டு, பேருந்து நிலையத்துக்கு எதிரில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டே யார் தப்பு என்று சண்டை போட்டார்கள். சால்னா ஊற்ற வந்தவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். பாண்டிச்சேரியில் முதல் வெற்றி. அன்று வேனில் வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் பெண்தான் அணியில் வேகமானவள். பந்தை வாங்கி ஓரமாகவே ஓடி, கோட்டைத் தாண்டித் தரையில் அமுக்கிவிடுவாள். அதற்கு ஐந்து புள்ளி. அவளைச் சீண்டாமல் ஒரு பயணமும் முடியாது.

"மச்சான், நீ ஓடறதப் பாத்தா கடைசி பஸ்ஸ விட்டவ மாதிரியே இருக்குடி."

"டெய்லி விட்டுத்தான் இந்த ஸ்பீடே வந்துச்சி. நீயும் ரெண்டு பஸ்ஸ விட்டுப் பாரு."

சிதம்பரத்துக்குப் போகும் வழியில் செம்மங்குப்பம் வரும். என் கணவர் அங்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அந்தக் காற்று ஜன்னலில் நுழைந்ததும் பதினொரு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அங்கிள் வந்துட்டாரு, அங்கிளுக்கு எடம் விடுங்க என்பார்கள். என் மகளும் சேர்ந்துகொள்வாள். நான் கோபித்துக்கொள்வதுபோல் திரும்பிப் பார்ப்பேன்.

அப்படிச் சிதம்பரத்துக்குப் போன ஒரு பயணம்தான் அரையிறுதி. கோப்பை ஆட்டங்களில் நாங்கள் அதுவரை இவ்வளவு தூரம் வந்ததில்லை. சென்னையிலிருந்து வந்த அணி எங்கள் பெண்களைவிட ஒரு சுற்று பெரிது. இடைவேளையில் ஐந்துக்கு ஐந்து. இரண்டாம் பாதியில் பரங்கிப்பேட்டைக்காரி கோட்டைத் தாண்டினாள், இரண்டு புள்ளிக்கான கூடுதல் உதையும் உள்ளே போயிற்று. பன்னிரண்டுக்கு ஐந்து. எனக்கு ஏதோ தைரியம் வந்துவிட்டது. அன்று முதல்முறையாகக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

அதனால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. எதிரணிப் பெண் நேராக ஓடிவந்தாள். என் மகள் குனிந்து அவள் தொடையைப் பிடிக்கப் போனாள். அந்தப் பெண்ணின் முழங்கால் இவள் நெற்றிப்பொட்டில் பட்டது. விழுந்தவள் கையை ஊன்றவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கண் மேலே சொருகியிருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கோச் பத்து செகண்டுகூட இருக்காது என்றார். எழுந்து உட்கார்ந்ததும் கேட்டாள்:

"நம்ம பக்கம் எதும்மா?"

கையைக் காட்டினேன். சரி என்றாள். கொஞ்சம் கழித்து அதையே மறுபடி கேட்டாள். ஆம்புலன்ஸில் ஏறும்போது மூன்றாம் முறை.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை. நாலு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம், மூன்று வாரம் விளையாடக் கூடாது, அப்புறம் பரிசோதித்துவிட்டு ஆடலாம் என்று அந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். தலைவலி மாத்திரை வாங்க வெளியே வந்தேன். வாசல் படியில் பதினொரு பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முழங்காலில் மண், கையில் பூட்ஸ். போகிற வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். பன்னிரண்டுக்குப் பத்து, ஜெயித்துவிட்டோம் ஆன்ட்டி என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். நீங்கள் ஊருக்குப் போயிருக்கலாமே என்றேன். உங்களோடுதான் திரும்பி வருவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறோமே என்றாள் புவனகிரியிலிருந்து வரும் பெண். நான் என் மகளோடு ஆம்புலன்ஸில் ஏறியபோது அந்தப் பதினொரு பேரை ஒரு நொடிகூட நினைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மாலை ஆகும்வரை அங்கேயே இருந்தார்கள். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பதினொன்றாகப் பங்கிட்டார்கள். கோச் தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தொலைபேசிகள் வரத் தொடங்கின. பாப்பா எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டு எல்லாத் தாய்மார்களும் ஒரு கணம் நிறுத்தினார்கள். அந்த நிறுத்தத்தில் நான் பேசிவிட்டேன். கண் சொருகியதைச் சொன்னேன். மூன்று முறை ஒரே கேள்வி கேட்டதைச் சொன்னேன். ஸ்கேன் நன்றாக இருந்ததையும் சொன்னேன்தான், ஆனால் கடைசியில், அவசரமாக. இனிமே நான் போறதா இல்ல, நீங்களும் யோசிங்க என்று முடித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் அதையே. பரங்கிப்பேட்டை அம்மா அந்தப் பக்கம் அழுததுகூடக் கேட்டது.

மூன்றே நாளில் பதினொரு பேர் ஐந்து பேரானார்கள். ஏழு பேர் இல்லாமல் மைதானத்தில் இறங்க முடியாது. இறுதி ஆட்டம் நடக்கவில்லை. மிச்சமிருந்த ஐந்து வீடுகளும் அதோடு நிறுத்திக்கொண்டன. இறுதியில் எங்களோடு மோத இருந்த அணி கோப்பையோடு நிற்கும் படத்தை என் மகள் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் நிமிரவில்லை.

"நீ வரலன்னு மட்டும் சொல்லியிருக்கலாம்மா. அவுங்கள ஏன் போவாதன்னு சொன்ன?"

அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சாப்பிட்டாள், கல்லூரிக்குப் போனாள், பாத்திரம் தேய்த்துக் கொடுத்தாள். விளையாட அனுப்பு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மூன்று வாரம் முடிந்து டாக்டரம்மா ஆடலாம் என்று எழுதிக் கொடுத்த சீட்டை நான் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன்.

அதன் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இல்லாமல் இருந்தேன். வேனுக்கு ஆளுக்கு இரண்டென்று நான் இருபத்து நாலு வாழைப்பழம் வாங்கிய பழக்கத்தில் கடைக்காரர் பெரிய சீப்பாக எடுப்பார், வேண்டாம் என்பேன். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் போனால், அவர்கள் மணலில் விழுந்து பழகிய இடத்தில் வேறு யாரோ பட்டம் விட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்டால் போதும் என்று இருக்கும். என் மகளை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். வேனின் கடைசி சீட்டில் கெட்ட வார்த்தை பேசிச் சிரிக்கும் அந்தப் பெண்ணை எனக்கு அங்கேதான் தெரியும். வீட்டில் அவள் இல்லை. நான்தான் அவளை வரவிடாமல் செய்தேன் என்று தெரிந்தும், அவள் வர வேண்டும் என்று ஏங்கினேன். தலையில் கொஞ்சம் வலிக்கிறது என்று அவள் சொன்னால் இன்றும் அவள் கண் சொருகுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். இரண்டும் சேர்ந்தேதான் இருந்தன.

போன வாரம் கோச் கூப்பிட்டார். புது சீசனுக்கு அணிப் பட்டியல் கொடுக்க வேண்டும், நீங்கள் வருவீர்களா அக்கா என்று கேட்டார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து நானே கூப்பிட்டு வருகிறேன் என்றேன். அவர் பேசினால் எந்த வீடும் கேட்காது. நான் சொல்லிக் கெடுத்ததை நான்தான் போய்ப் பேசிச் சரிசெய்ய வேண்டும்.

முதலில் பரங்கிப்பேட்டை. அந்தப் பெண் அத்தா என்று கூப்பிடும் அப்பா துபாயில் இருக்கிறார். அம்மா டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்கதானம்மா சொன்னீங்க, புள்ளைக்குக் கண்ணு சொருகிடுச்சின்னு. அத எப்படி மறக்கச் சொல்றீங்க?"

"மறக்க வாணாம். நான் சொன்னது நெசந்தான். பாதிய மட்டும் சொன்னேன்."

மீதியைச் சொன்னேன். ஆஸ்பத்திரிப் படியில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்ததை, திரும்பும்போது வேனில் அவர் மகள் தன் துப்பட்டாவை எடுத்துக் குளிருக்கு என் மகள் மேல் போர்த்தியதை, டாக்டரம்மா ஆடலாம் என்று எழுதிக் கொடுத்ததை. பந்தோடு அவர் மகள் ஓடுவதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதையும் எனக்குத் தெரிந்தவரை விவரித்தேன். உள்ளறைக் கதவருகில் அந்தப் பெண் நின்று கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. அம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சரி, ஒங்க பொண்ணு எறங்குதா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போயிருக்கவில்லை. மற்ற வீட்டுப் பெண்களைக் கேட்டு வாங்கக் கிளம்பியவள், என் மகளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பீரோவில் இருக்கும் சீட்டை வெளியே எடுத்திருக்கவில்லை.

"எறங்கறா," என்றேன்.

"அப்ப எம்பொண்ணையும் எழுதிக்குங்க. அவுங்க அத்தாகிட்ட நான் பேசிக்கறேன்."

அடுத்த பேருந்தில் வீட்டுக்குத் திரும்பினேன். வீட்டில் என் மகள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பீரோவைத் திறந்து சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். போன இடத்தையும் சொன்ன பதிலையும் சொன்னேன். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்திருந்தேன். சீட்டை வாங்கிப் படித்தாள். அதை மடித்துக் கையிலிருந்த துணிகளுக்கு மேல் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு," என்றாள். "நீ அனுப்ப மாட்டங்கறதாலதான் போவலன்னு நானும் சொல்லிக்கினு இருந்தேன்."

அப்படியானால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. எத்தனையோ மாதம் நான் காத்திருந்த வாய்ப்பு அதுதான். பயப்படுகிற பெண்ணை எந்தத் தாய் அனுப்புவாள் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். நான் அவள் கையிலிருந்த துணிகளில் பாதியை வாங்கிக்கொண்டேன். ஆட வேண்டும் என்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். தினமும் இருக்கிறது என்றாள். உள்ளே போகும்போது, நீ வருவல்ல, என்றாள். வருகிறேன் என்றேன்.

இன்று வரை ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள், என் மகளோடு. இறங்க இன்னும் ஒருத்தி வேண்டும். புவனகிரிப் பெண்ணின் அப்பா போனை எடுப்பதில்லை. நாளைக்கு அரைநாள் லீவு போட்டிருக்கிறேன். அவர் வயலுக்குப் போவதற்குள் வீட்டில் பிடித்துவிட வேண்டும். கூடவே வருவதாக என் மகள் சொல்லியிருக்கிறாள்.