ஐம்பத்தேழாவது விடுகதை

டவுணில் அச்சகம் வைத்திருப்பவர் ஒருவர், பழைய சிறுவர் விடுகதைப் புத்தகத்தை மறுபடி போடப்போவதாகச் சொல்லி, விடைகளைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார். மொத்தம் 144. பாளையங்கோட்டையில் முப்பத்து நான்கு வருஷம் நான் பாடம் நடத்திய புத்தகம்தான். பதினோரு விடைகள் தப்பு. பத்தைத் திருத்தியதற்கு அவர் வாய் திறக்கவில்லை. ஐம்பத்தேழாவதில்தான் சண்டை.

‘ஊருக்கெல்லாம் சோறு போடுவான், ஊர்த்தெருவில் வெறுங்காலோடு போவான். யார்?’ விடை: மாடு.

இதைப் பரீட்சையில் கேட்டிருக்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த, வயல்கூலி வீட்டுப் பிள்ளை ஒருத்தி ‘எங்க அப்பா’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்தேன். எழுந்து நின்றாள்.

“மாட்டுக்கு லாடம் இருக்கு சார். எங்க அப்பாதான் மேலத்தெருவுக்கு வந்தா செருப்பக் கழத்திக் கையில எடுத்துக்கிடுதாவ.”

வகுப்பில் நாற்பத்திரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உட்காரச் சொன்னேன்.

காலுக்கு இரண்டாக மாட்டுக்கு எட்டு லாடம். இந்த விடுகதையைக் கட்டியவர்கள் வயலில் நின்றவர்கள். அவர்களுக்கா லாடம் தெரியாது? வெளியே சொன்னால் அடி விழும் என்று பிள்ளைகளின் விளையாட்டுக்குள் ஒளித்துவைத்தார்கள். புத்தகமாக்கியவர் அங்கே ஒரு மாட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டார். முப்பத்து நான்கு வருஷம் அந்த மாட்டுக்கு நான் காவல்.

விடையை அடித்து, ‘கூலிக்காரர்’ என்று எழுதி, காரணத்தை இரண்டு வரியில் சேர்த்தேன். அச்சகக்காரர் தலையைச் சொறிந்தார்.

“அண்ணாச்சி, சின்னப்பிள்ளைக படிக்க புஸ்தகம். மாடுன்னே இருந்துட்டுப் போகட்டும்.”

“மாட்டுக்கு எட்டு லாடம் உண்டுவே.”

“அத எண்ணிப் பாக்க ஆளு நீங்க ஒருத்தருதான். இப்படிப் போட்டா எந்தப் பள்ளிக்கூடத்துல வாங்குவாவ?”

“பெறகு எதுக்குவே என்ட்ட கொடுத்தீரு?”

அச்சகப் பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

புத்தகம் வந்தது. மாடும் இல்லை, கூலிக்காரரும் இல்லை, கேள்வியையே எடுத்துவிட்டார். எண்களை நெருக்கிப் போட்டு 143 ஆக்கியிருக்கிறார். ஒன்று போனது யாருக்கும் தெரியாது. கடைசிப் பக்கத்தில் ‘விடைகளைச் சரிபார்த்தவர்’ என்று என் பெயர்.

எனக்கு ஐந்து பிரதிகள் கொடுத்தனுப்பினார். ஐந்திலும் என் பெயரை அடித்தேன். விடுகதையையும் விடையையும் கையால் எழுதினேன். அச்சடித்தது ஆயிரம். மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்திலும் நான் சரிபார்த்ததாகத்தான் இருக்கிறது.