ஓரகத்தியோடு போன என் பிள்ளை

எழுபத்தொன்பதாம் வருஷம், நான் பெற்ற பிள்ளையை என் கண் முன்னாலேயே இன்னொருத்திக்குக் கொடுத்துவிடப் பார்த்தார்கள். அந்த இன்னொருத்தி வேற்றாள் இல்லை. என் கணவரின் தம்பி மனைவி செல்லம்மாள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் அவள் வீடு. அன்று நான் பட்ட எரிச்சலையும், அதற்குள் எங்கள் ஊர்க் கோயில் கோமதி அம்மை வந்து நின்றதையும் அம்மையை நம்புகிற உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மகன் பெயர் கோமதிநாயகம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, அம்மையிடம் அழுது வாங்கிய பிள்ளை. அதனால் அவள் பெயரையே வைத்தோம். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. முகம் பார்க்க மாட்டான். தொட்டால் உடம்பைச் சுருக்கிக்கொள்வான். முற்றத்தில் இருந்த துளசி மாடத்தைச் சுற்றிச் சுற்றி வருவான். கதவு திறந்திருந்தால் ரோட்டுக்கு ஓடிவிடுவான். மதுரையில் ஒரு டாக்டர்தான் ஆட்டிசம் என்று பேர் சொன்னார். மருந்து கிடையாது என்றும் சொன்னார். பெயர் தெரிந்து என்ன செய்ய? நான் வீட்டுக்கு வந்து கதவுக்குத் தாழ்ப்பாளை மேலே மாற்றி வைத்தேன்.

அடைத்துப்போட்டால் பிள்ளை கத்தாமல் இருப்பானா? கத்தினால் காராச்சேவு கொடுப்பேன். தட்டில் அவன் மிச்சம் வைப்பதை நான் தின்பேன். கவலைக்குத் தின்றேனோ ருசிக்குத் தின்றேனோ, அம்மைக்கே வெளிச்சம். எட்டு வயதில் அவன் சட்டைக்குப் பொத்தான் சேரவில்லை. எனக்குப் படி ஏறினால் மூச்சு இரைத்தது, முழங்கால் பிடித்துக்கொண்டது. "ஆத்தாளும் மகனும் அண்டாவும் குண்டாவும்" என்று தெருவில் சிரித்தார்கள். என் காதில் விழட்டும் என்றே சிரித்தார்கள்.

பாளையங்கோட்டையில் டாக்டரிடம் போனோம். எனக்கு ரத்தத்தில் சீனி இருக்கிறது என்றார். பையனைப் பார்த்துவிட்டு, "இவனை அடைச்சு வைக்காதீங்கம்மா. நல்லா நடக்க விடுங்க. ராத்திரி தூங்குவான். நீங்களும் கூடவே நடங்க, உங்களுக்கும் அதுதான் மருந்து" என்றார்.

வீட்டில் வந்து அதைச் சொன்னதும் அவனோடு நடக்கத் தொடங்கியது யார்? செல்லம்மாள்.

அவள் குருவிகுளம் பக்கத்துக் காட்டு ஊரில் பிறந்தவள். மானாவாரிப் புஞ்சையில் ஓடி வளர்ந்த கால். ஒல்லி உடம்பு. அவளுக்குப் பிள்ளை இல்லை. விடிவதற்கு முன் வந்து, "எக்கா, பையன நான் கூட்டிட்டுப் போய்ட்டு வாரேன்" என்று கேட்டாள். என் முழங்காலை நினைத்துச் சரி என்றேன். அவன் அவளோடு நான்கு ரத வீதியையும் சுற்றி வந்தான். மறுநாளும் போனான். ஒரு மாதத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் வருமுன்பே வாசலில் தயாராக இருக்க ஆரம்பித்தான். ஒருநாள் அவர்கள் தெரு முனையில் திரும்புவதைப் பார்த்தேன். அவன் கை அவள் கைக்குள் இருந்தது.

நான் தொட்டால் சுருங்குகிற கை அது. எட்டு வருஷம் நான் கழுவிவிட்ட கை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இதற்கு வேறு நல்ல வார்த்தை தேட மாட்டேன், பொறாமைதான். அவள் இடுப்பைப் பார்த்தால் பொறாமை. அவள் நடையைப் பார்த்தால் பொறாமை. பையன் இளைத்தான், இரவில் தூங்கினான். அதைப் பார்த்தும் சந்தோஷப்பட முடியவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏட்டி, பையன் அங்கனயே இருக்கட்டுமே. தம்பியும் கேக்கான். அவுகளுக்கும் ஒரு பிள்ளைனு ஆகும். ஒன்னால அவன் பின்னால ஓட முடியலல்லா?"

"நான் செத்தா போயிட்டேன்?" என்றேன்.

"செத்துப் போயிருவியோன்னுதான் பயமா இருக்கு. மூச்சு வாங்குத வாங்குல என்னைக்கு விழுவியோ."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. கோயிலில் ஆடித் தபசுத் திருவிழா முடிந்ததும் பார்ப்போம் என்று பேச்சை முடித்தார். தபசுக்கு அடுத்த வாரத்திலேயே நல்ல நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் விடியலில் நான் பையனின் செருப்பை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அந்தச் செருப்பு இல்லாமல் அவன் வாசல் தாண்ட மாட்டான். செல்லம்மாள் வந்தாள், தேடினாள், நானும் சேர்ந்து தேடினேன்! அவன் சுவரில் தலையை முட்டத் தொடங்கினான். நெற்றி புடைத்துவிட்டது. ஓடிப்போய் எடுத்து வந்து போட்டேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"நானும் வாரேன்" என்று அவர்களோடு கிளம்பினேன். கீழ ரத வீதியில் சேர்ந்து நடந்தேன். தெற்கு ரத வீதியில் பின்தங்கினேன். மேல ரத வீதியில் ஒரு பூட்டிய கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் ஒரு சுற்று முடித்து மறுபடி என்னைத் தாண்டிப் போனார்கள். என் பிள்ளை என் பக்கம் திரும்பவில்லை. படியைத் தாண்டுகிற மாதிரித் தாண்டிப் போனான்.

அங்கிருந்து நேராக அம்மை சன்னதிக்குப் போனேன். எங்கள் கோயிலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அம்மைக்கு எதிரே சக்கரக் குழி ஒன்று உண்டு. மனசு சரியில்லாதவர்களை அதில் உட்கார வைப்பார்கள். நாயகத்தையும் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறோம். அவன் எழுந்து ஓடினான். அன்றைக்கு நான் உட்கார்ந்தேன். தெரிந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

அழகாக ஒன்றும் வேண்டவில்லை. "தாயே, அவன் பேசணும்னு இனிக் கேக்கல. அவனை மாத்தித் தாயேன்னும் கேக்கல. அவளுக்குக் குடுத்துராத. அவ கால்ல இருக்கத என் கால்ல வை. ஒத்தக் கால்ல நின்னு தவம் இருந்தவளுக்கு என் கால் வலி தெரியாதா?" என்று சண்டை பிடித்தேன்.

எங்கள் ஊரில் ஆடிக் கொடி ஏறியதும் கோயிலைச் சுற்றுவார்கள். நூற்றெட்டு, அதற்கு மேலும் வேண்டிக்கொண்டு சுற்றுவார்கள். ஆடிச் சுற்று என்று பேர். சுற்றுகிறவர்களின் கால் வலியைத் தபசில் நிற்கிற அம்மை வாங்கிக்கொள்கிறாள் என்பது நம்பிக்கை. குழியிலிருந்து எழுந்தபோது எனக்கு அது நினைவு வந்தது. அடுத்த ஆடிக்கு நானும் என் பிள்ளையும் சுற்றுகிறோம் என்று நேர்ந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து கணவரிடம், "நேர்ச்சை முடியிறவரைக்கும் பிள்ளை என் வீட்டுல இருக்கணும். சாமி காரியம்" என்றேன். சாமி காரியம் என்றதும் அவர் வாயை மூடிக்கொண்டார். நல்ல நாள் பார்த்தது அப்படியே நின்றது.

அதன்பிறகு காராச்சேவு வாங்குவதை நிறுத்தினேன். முதல் வாரம் வீடு போர்க்களம்தான். பிறகு அவன் கம்பங்கூழுக்கும் மோருக்கும் பழகினான். நானும் பழகினேன். காலையில் அவன் செல்லம்மாளோடு நடப்பான், நான் பின்னால் வருவேன். என் கணவர் ஆபீசுக்குப் போனதும் தனியாக இன்னொரு தடவை நடப்பேன். செருப்பு தேய்ந்தது, கால் வீங்கியது, உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மறுபடி நடந்தேன். பக்தி என்று சொன்னால் பொய். அவள் முதுகைப் பார்த்துப் பார்த்தே நடந்தேன். கார்த்திகையில் மேல ரத வீதியை உட்காராமல் தாண்டினேன். பங்குனியில் படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. பாளையங்கோட்டை டாக்டர் சீனிக்குக் கொடுத்த மாத்திரையைப் பாதியாக்கினார். ஆனாலும் பிள்ளை அவள் பக்கம்தான் நடந்தான்.

எண்பதாம் வருஷம் ஆடி வந்தது. கொட்டுச் சத்தம் நாயகத்துக்கு ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். அதனால் கூட்டம் சேருமுன் இருட்டோடு போய், தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினோம். செல்லம்மாளும் வந்தாள். அவளுக்கும் வேண்டுதல் இருக்கும் அல்லவா? நான் கேட்கவில்லை.

கடைசி நாள் ஒரு திருப்பத்தில் என் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் இருவரும் முன்னே போய்விட்டார்கள். மறுபடியும் அதே கதைதான், இந்தத் தடவையும் என்னைத் தாண்டித்தான் போகப்போகிறான் என்று கண் கலங்கியது.

பிள்ளை நின்றான்.

"நடலே மக்கா" என்று செல்லம்மாள் கையை இழுத்தாள். அவன் அசையவில்லை. அவள் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு விரலை ஆட்டியபடி நின்றான். நான் நொண்டி நொண்டிப் பக்கத்தில் போனேன். போனதும் நடந்தான். அடுத்த திருப்பத்தில் மறுபடி பிந்தினேன். மறுபடி நின்றான். நான் வந்ததும் நடந்தான்.

யாருக்காகவும் நிற்காத பிள்ளை. அப்பா கூப்பிட்டாலும் நிற்காத பிள்ளை, பஸ் ஹாரன் அடித்தாலும் நிற்காத பிள்ளை. "அம்மா வருதேன்ல, வந்துட்டேன்" என்று சத்தமாக அழுதுகொண்டே நடந்தேன். கால் வலி எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. அம்மைக்குத் தெரியும்.

செல்லம்மாள் என் பக்கத்தில் வந்தாள். "எக்கா, இத்தன நாளா நான்தான் இவன் வேகத்துக்கு ஓடுனேன். எனக்காக ஒருநாளும் நின்னதில்லக்கா" என்றாள்.

முதலில் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, மறைக்க மாட்டேன். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருஷமாக நான் சுமந்த எரிச்சல் அத்தனையும் அந்த முகத்தில் இருந்தது. அவள் வேகம் குறைந்து பின்தங்கினாள். அடுத்த திருப்பத்தில் நான் நின்றேன். நான் நின்றதும் நாயகமும் நின்றான். அவள் வந்து சேர்ந்த பிறகு மூன்று பேரும் நடந்தோம்.

பிள்ளையை அங்கே விடுகிற பேச்சை என் கணவர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. இப்போது அவனுக்குப் பதினைந்து வயது. பேச்சு இன்றும் வரவில்லை. என்னைவிட உயரம், நேரான முதுகு. எங்கள் தெருவில் அண்டாவும் இல்லை, குண்டாவும் இல்லை. தினம் விடியலில் மூவரும் நடக்கிறோம். அவன் செல்லம்மாள் கையைப் பிடித்தால் எனக்கு இன்றும் சுருக்கென்றுதான் இருக்கிறது. அதை எடுத்துவிடு என்று அம்மையிடம் நான் கேட்கவும் இல்லை, அவள் எடுக்கவும் இல்லை.

என்னைப் போல் பிள்ளை பெற்ற தாய்மாரே, மனசு சுத்தமான பிறகு அம்மையிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். எரிச்சலோடு இருந்தால் எரிச்சலோடு போங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், அடைத்து வைக்காதீர்கள். ஆடிக் கொடி ஏறியதும் எங்கள் ஊருக்கு வாருங்கள். நாங்கள் மூன்று பேரும் விடியுமுன் கோயிலைச் சுற்றிக்கொண்டிருப்போம். நீங்கள் பிந்தினால் நாங்கள் நிற்போம்.