அத்தை விட்டுப்போன மாத்திரை

பிற்பகல் மூன்று இருபதுக்கு மகளுக்குக் காய்ச்சல் விட்டது. தெர்மாமீட்டரைப் பார்த்து நானும் கணவரும் நிம்மதியானோம். டெங்குவில் பல சமயம் ஆபத்தே காய்ச்சல் விடும்போதுதான் ஆரம்பிக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. இப்போதும் அவள் நெற்றி குளிர்ந்திருந்தால் எனக்குத் திக்கென்கிறது.

"பாத்தியா, மாத்திரை வேலை செய்யுது," என்றார் கணவர்.

அது அவருடைய அக்கா விட்டுப்போன மாத்திரை. பிரான்சிலிருந்து வரும் உறவினர்கள் ஊர் திரும்பும்போது மிஞ்சிய மருந்துகளை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அட்டையில் பிரெஞ்சில் அச்சடித்திருந்தால் நல்ல மருந்து என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. இது அந்த அக்கா ரத்தக் கொழுப்புக்குச் சாப்பிடுவது. பழைய மருந்துகள் வைரஸைத் தடுக்குமா என்று ஆராய்கிறார்கள், கொழுப்பு மாத்திரையும் அதில் உண்டு என்று கணவர் ஃபோனில் படித்திருந்தார். முதலியார்பேட்டை டாக்டர் பாராசிட்டமாலும் தண்ணீரும் போதும் என்று அனுப்பிவிட்டது அவருக்குத் திருப்தியாக இல்லை.

"அத்தைக்கே தொப்பை கொறையல. எனக்கு டெங்கு போயிடுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மகள் முதல் மாத்திரையை விழுங்கினாள். கல்லூரியில் படிக்கிறவள்.

காய்ச்சல் விட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். கைகள் சில்லிட்டிருந்தன. ஆட்டோ பிடித்துக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டே, "வேற என்ன மாத்திரை குடுத்தீங்க?" என்று கேட்டார். கணவர் அட்டையை நீட்டினார். விளக்கவும் ஆரம்பித்தார்.

"வைரஸ் தானாப் பெருகாது மேடம். நம்ம செல்லுல இருக்கற புரதத்தை வச்சுத்தான் பெருகுது. கொழுப்பு தயாரிக்கிற புரதத்தை இது மடக்கிடும். அப்ப வைரஸுக்கு..."

"தெரியும் சார். அந்தப் புரதம் யாரோடது?"

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க பொண்ணோடது. அவளுக்கும் அது வேணும். டெங்குல கல்லீரல் ஏற்கெனவே அடிவாங்கும், அதுமேல இது வேற. ஆராய்ச்சி பண்றவங்க ரத்தம் பாத்துப் பாத்துதான் குடுப்பாங்க. பலன் இருக்கான்னு அவங்களே இன்னும் உறுதியா சொல்லல."

கல்லீரல் தாங்குகிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்துப் போனார்கள். மகள் கண்ணை மூடிக் கிடந்தாள். நான் அவள் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், சூடு வரவே இல்லை.

"அக்காவுக்கு ஒரு ஃபோன் போடட்டா?" என்றார் கணவர்.

"எதுக்கு? இன்னொரு அட்ட அனுப்பச் சொல்லவா?"

அவர் ஃபோனைப் பைக்குள் போட்டார். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றோம். வந்தவர்கள் வேறு யார் யாரிடமோ போனார்கள்.

விளக்கு போட்ட பிறகு அந்த டாக்டரே வந்தார். மகளின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"கல்லீரல் கொஞ்சம் பாதிச்சிருக்கு, தாங்கிக்கும். எறங்கியிருந்த பிரஷரும் ஏறி நிக்குது. ஒண்ணுக்குப் போனாள்னா உடனே வந்து சொல்லுங்கம்மா, ரத்த ஓட்டம் சரியாயிடுச்சுன்னு அர்த்தம். இப்போதைக்கு அதுதான் நல்ல சேதி."